சந்திரன் அபிசீனியாவுக்குப் போய்விட்டான்

ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டறியாத என் வீட்டுக்காரருக்கு,

முதலில் பேரப்பிள்ளைகள் சேதி. நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். பெரியவன் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டுகிறான். நமுனுகுல மலை வளைவுகளில் அவன் ஹோர்ன் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். சின்னவள் வகுப்பில் முதலாவதாக வந்து பீங்கான் கோப்பை ஒன்று பரிசு வாங்கினாள். அதில் யாரையும் தேத்தண்ணீர் குடிக்க விடுவதில்லை.

நடுவில் உள்ளவன் சந்திரன், நீங்கள் மழையில் தோளேற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன், இன்றைக்கு அபிசீனியாவில் இங்கிலீஷ் வாத்தியார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த நாடு எங்கே இருக்கிறதென்று அவன்தான் படத்தில் தொட்டுக் காட்டினான்.

இங்கே வேலை இல்லாமலா போனான் என்பீர்கள். பதுளைப் பள்ளியொன்றில் படிப்பித்துக்கொண்டுதான் இருந்தான். நல்ல வாத்தியார் என்றார்கள். ஆனால் இந்த நாட்டுப் பிரஜை இல்லை, நிரந்தரமாக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அபிசீனியாவுக்கு வாத்தியார் தேவையென்று பேப்பரில் விளம்பரம் பார்த்து எழுதிப்போட்டான். கொழும்புக்குக் கூப்பிட்டுப் பேசி எடுத்துக்கொண்டார்கள்.

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியாயி சும்மா இருப்பாளா?

"ஏன்க்கா, இங்க படிச்ச இங்கிலீசை அபிசீனியாவுல கொண்டுபோயி விக்கப் போறானாமே?"

"ஆமாடி, தேயிலை மட்டுந்தான் கப்பல் ஏறணுமா?" என்றேன். லயத்து வரிசையே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் பாஸ்போர்ட் குறுக்கே வந்தது. பிரஜை இல்லாதவனுக்கு இங்கே பாஸ்போர்ட் கிடையாதாம். இந்தியாக்காரன் என்று கையெழுத்துப் போட்டால் இந்தியா கொடுக்கும். போட்டுவிட்டால், பிறந்த தோட்டத்துக்குத் திரும்பிவர அவன் விசா கேட்க வேண்டும். கொடுத்தாலும் கொடுப்பார்கள், இல்லாவிட்டாலும் இல்லை.

பிரஜாவுரிமை மனுவோடு நீங்கள் கச்சேரி ஆபீசுக்குப் போன நாள் எனக்கு நினைவு வந்தது. இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். "எங்கப்பாவைப் பொதச்ச எடத்தைக் காட்டட்டுங்களா, தொரை?" என்றீர்கள். கடுதாசி இருக்கிறதா என்றுதான் திரும்பவும் கேட்டார்கள். பதில் வரும் என்று தபால்காரனைப் பார்த்துப் பார்த்தே உங்கள் கண் மூடிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

பாஸ்போர்ட் சேதி வந்த ராத்திரி சந்திரன் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நான் இந்தியாக்காரன்னு எழுதிட்டா, தாத்தா இந்த மண்ணுக்காரன்னு சொன்னது பொய்யாப் போயிராதா அப்பாயி?"

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? போடா என்றா, வேண்டாம் என்றா? யாரிடம் கேட்பேன்?

"மண்ணுக்குள்ள இருக்குற மனுசனை யாரு வந்து எழுப்பி அனுப்பப் போறா?" என்றேன். "அவரு சொன்னதுக்கு அவரே அங்க காவல் இருக்காரு. நீ கையெழுத்தைப் போடு. சோத்தைத் தின்னு."

தின்றான். பதுளை ஸ்டேசனில் ரயில் நகர்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டி, "இருப்பீங்கல்ல அப்பாயி?" என்றான். ரயில் போன பிறகும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

கடிதம் வந்துவிட்டது. அந்த ஊரும் மலைதானாம். காலையில் நம் மலையைப் போலவே மூடுபனியாம். வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் மொத்தமாக எழுந்து நிற்கிறார்களாம். எந்த ஊர் என்று கேட்டார்களாம், பதுளை என்றானாம். உங்களுக்குக் கேட்கிறதா?

இங்கே நம் ஆட்களையெல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. என் தம்பி மகன் திருச்சிப் பக்கம் போய்விடலாம் வா அத்தை என்கிறான். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு விசா கேட்கும்போது யாரைப் பார்க்கப் போகிறாய் என்று சந்திரனைக் கேட்பார்களே. சொல்ல ஓர் ஆள் இங்கே வேண்டாமா? தேயிலைச் செடிக்கு அடியில் நீங்களும் லயத்தில் நானும் இருப்போம். அவன் வந்து இறங்கும்வரை நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

சந்திரா, தாத்தாவுக்கு எழுதினதை உன் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன்; இனி வருவது உனக்கு. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவன் மாதிரி முழிக்கிறாய். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அதை எப்படி மாட்டுவேன்? உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நின்று, சிரித்தபடி, புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு, சாமி. ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
சந்திரனின் அப்பாயி