இரண்டாவது கையெழுத்து

இன்று காலை பத்தேகாலுக்கு, மூன்று ஆண்டு ஆலோசனைக்குப் பிறகு, உன் நுண்ணோக்கியின் இரண்டு கண்குழாய்களையும் கொஞ்சம் நெருக்கி வைப்பதென்று முடிவெடுத்தேன். சாட்சியாக ஆய்வுக்கூட உதவியாளர் ரோஸ்லி இருந்தார். அவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார், எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. உன் முகம் அகலம், என்னுடையது ஒடுக்கம். நீ போனபின் மூன்று ஆண்டுகளாக உன் முகத்தின் அளவுக்கே வைத்து நான் பார்த்து வந்தேன். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டேன். குழாயின் ரப்பர் விளிம்பில் இன்னும் உன் நெற்றித் தைல வாசம் இருக்கிறது.

அளவை மாற்றியதும் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் உனக்குத் தெரிந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆக, கோளாறு குழாயில் இல்லை.

உன்மேல் எனக்குப் பொறாமை. உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல நாகரிகம் தடுத்தது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே பல்கலைக்கழகம், கடைசியில் ஈப்போவில் ஒரே கால்நடை ஆய்வுக்கூடம். மதிப்பெண் எனக்குத்தான் எப்போதும் கூடுதல். செத்த மாட்டையோ கோழியையோ கொண்டு வருகிறவர்கள் மட்டும் வாசலில் நின்று, "அந்தச் சிரிக்கிற டாக்டர் இருக்காரா?" என்று கேட்பார்கள். சிரிக்காத டாக்டர் உள்ளே அறிக்கை எழுதிக்கொண்டிருப்பான். நீ எட்டிப் பார்த்து, "என்ன தொரை, கையெழுத்து ஆச்சா?" என்பாய். உன் சாவுக்கு ஒருவர் சண்டைச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்து அழுதார். எனக்கு இத்தனை பேர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டபடி நான் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லகாட்டிலிருந்து கிருஷ்ணன் அண்ணன் வந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். வேனின் பின்னால் ஒரு செத்த செம்மறியாடு. கண் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. நீ வயிற்றைத் திறந்தாய்; சிறுநீரகம் இரண்டும் கறுத்து, துப்பாக்கி இரும்பின் நிறத்தில் இருந்தன. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் கேட்டாய்.

"அண்ணே, ஆட்டுக்கு என்ன தீனி போடுறீங்க?"

"செம்பனைப் புண்ணாக்குதான் லா. பக்கத்து வீட்டு மாடெல்லாம் அதத் தின்னுதான் கொழுத்துக் கெடக்கு. மாட்டுக்கு நல்லதுன்னா ஆட்டுக்கும் நல்லதுதானே?"

"இன்னும் எத்தன ஆடு இருக்கு?"

"இருவத்திரண்டு. புள்ளைங்க மாதிரி டாக்டர்."

நீ என்னைப் பார்த்தாய். எண்ணெய்ப்பனைக் கொட்டையில் செய்த அந்தப் புண்ணாக்கில் செம்பு உண்டு. மாடு தாங்கும். செம்மறியின் ஈரல் அதைச் சேர்த்துச் சேர்த்து வைத்து ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் கொட்டிவிடும். அன்றே தீனியை நிறுத்தினால் பாதி மந்தையாவது பிழைக்கும். ஆனால் நம் ஆய்வுக்கூடத்து விதி உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் பார்ப்பவர் தன் முடிவை உறையில் ஒட்டி வைக்க வேண்டும். இரண்டாமவர் அதைப் பாராமல், திசு வைத்த கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்துத் தன் முடிவை எழுத வேண்டும். ஒத்துப்போனால் உடனே அறிக்கை. இல்லையென்றால் மாதிரி வெளியூர் போகும். பதில் வரும்வரை உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. "ரெண்டு நாள் பொறுங்க அண்ணே, போன் அடிக்கிறேன்" என்று அவரை அனுப்பினாய்.

உன் உறைகளை நான் வழக்கமாக நீராவியில் காட்டிப் பிரித்துப் படிப்பேன். இதை நீ அறிந்திருக்க மாட்டாய். தேநீர்க் கெண்டி அதற்கு வசதி. அன்றும் படித்தேன்: 'செம்பு. தீனியை உடனே நிறுத்தவும்.' பிறகு தகட்டைப் பார்த்தேன். செம்புதான். சந்தேகமே இல்லை. உன் கையெழுத்துக்குக் கீழே, அந்த ஆண்டில் எத்தனையாவது முறையோ, ஆமாம் என்று எழுத வேண்டும். பேனாவை எடுத்து, 'எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மேல் பரிசோதனை தேவை' என்று எழுதினேன். அழகான வாக்கியம். யாரும் குறை சொல்ல முடியாது.

நீ என் மேசைக்கு வந்தாய். "மச்சான், நெசமாவே எலிக்காய்ச்சல் மாதிரியா தெரியுது?"

"கொட்டகையில எலி இருக்குமில்ல. தள்ளிட முடியாதே."

நான் எழுதியதை இன்னொரு முறை வாசித்தாய். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். நான் அவசரப்பட்டுட்டேன் போல" என்றாய். என்னை நம்பினாய். அந்த நம்பிக்கையின்மேலும் எனக்குப் பொறாமைதான். எனக்கு யாரையும் அப்படி நம்ப வராது.

பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது. செம்பு. நீ போன் அடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது: "ஆடெல்லாம் போச்சு. பரவால்ல டாக்டர். நீங்க என்ன பண்ணுவீங்க." நீ தொலைபேசியை வைத்துவிட்டு அறிக்கையைக் கோப்பில் சேர்த்தாய். மறுநாளும் "என்ன தொரை" என்றுதான் கூப்பிட்டாய்.

இப்போது வருகிறவர்களிடம் நானே கேட்கிறேன்: "அண்ணே, என்ன தீனி போடுறீங்க?" உன் குரல் எனக்கு வருவதில்லை, விசாரணைபோல இருக்கிறது என்கிறார் ரோஸ்லி. ஆனாலும் கேட்கிறேன். கத்தியை எடுக்குமுன் கேட்கிறேன். உன்னிடமிருந்து நான் திருடியவற்றில் திருப்பித் தர முடியாதது அந்தக் கேள்வி ஒன்று.

லகாட்டில் கிருஷ்ணன் அண்ணன் இப்போது ஆடு வளர்ப்பதில்லை. கொட்டகையில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிறார்கள்.