கரையில் ஆள் இல்லாத மதகு

ஹார்க்காட் படகுத்துறை
4 செப்டம்பர் 1977

அன்பு மகள் ஒலிவுக்கு,

இது நானே எழுதுவது. வழக்கம்போல் மதகுக்காரர் மனைவி எழுதித் தந்ததில்லை. நூலகத்தில் எழுத்துச் சொல்லித் தரும் டன்னிக்ளிஃப் அம்மா பக்கத்தில் இருக்கிறார், ஆனால் கை என்னுடையது. இதுவரை எழுத இரண்டு கோப்பைத் தேநீர் ஆகிவிட்டது. உன் பெயரை எழுதிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகான பெயர், அம்மா.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கட்டும். வியாழக்கிழமை நான் தனியாகக் கால்வாயில் லோவெல் பாலம் வரை ஒரு தப்பும் நடக்காமல் படகை ஓட்டினால், உன் வீட்டுக்கு வரச்சொல்லும் பேச்சை நீ எடுக்கக் கூடாது. தப்பு நடந்தால் படகை விற்றுவிட்டு உன் மாடி அறைக்கு வந்துவிடுவேன். படகிலேயே குடியிருந்த எனக்குப் படியேறிப் படுத்துப் பழக்கமில்லை. அதனால் ஜெயிக்கத்தான் போகிறேன். பயப்படாதே.

உன் அப்பா,
ஜாபெஸ்


லோவெல் பாலம்
9 செப்டம்பர் 1977

அன்பு ஒலிவ்,

வந்து சேர்ந்துவிட்டேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

காலையில் எல்லாம் நன்றாக இருந்தது. தூண்டில் போட்டிருந்த ஒருவன், "என்ன பெரிசு, துணைக்கு ஆள் இல்லையா? தூங்கிட்டா யாரு எழுப்புவா?" என்றான். "உன் மீன் எழுப்பும், அதுக்குத்தான் வேற வேலை இல்லையே" என்றேன். சிரித்துக்கொண்டே ஆழ மதகுக்கு வந்தேன். உனக்கு நினைவிருக்கும், இரண்டு கதவுக்கு நடுவில் தண்ணீரை வடித்துப் படகைக் கீழே இறக்கும் இடம்.

படகைத் தொட்டிக்குள் விட்டுப் பின்கதவைச் சாத்தினேன். தண்ணீர் வடிவதற்கு முன்னால் இருக்கும் கீழ்க்கதவின் அடைப்பைத் தூக்கினேன். ஏதாவது ஆனால் அதை உடனே இறக்க நான் கரையிலேயே நிற்க வேண்டும். ஆனால் படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருடம் அதுதானே என் இடம்? நான் படகில், உன் அம்மா கரையில்.

சுவரில் ஓர் இரும்புத் தகடு. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இங்கே நீந்தக் கூடாது.' எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அதற்குள் படகு பின்னால் நகர்ந்து, பின்கதவடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிமேல் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.

தண்ணீர் இறங்குகிறது, முன்பக்கம் இறங்குகிறது, நான் நிற்கும் இடம் மட்டும் இறங்கவில்லை. உள்ளே பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம். கெட்டில் உருண்டது. முன்வாசலில் தண்ணீர் ஏறியது.

"ஹெஸ்டர்! அடைப்பைப் போடு! போடுடி!" என்று கத்தினேன்.

கத்திவிட்டு மேலே பார்த்தேன். கரையில் யாரும் இல்லை. அப்போதுதான் உன் அம்மா இல்லை என்பது உறைத்தது. அவளை அடக்கம் செய்த அன்றுகூட எனக்கு அப்படி ஒரு பயம் வரவில்லை.

சாய்ந்த கூரைமேல் தவழ்ந்து சுவர் ஏணியைப் பிடித்தேன். பாசி. ஒரு கால் வழுக்கித் தொங்கினேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அடைப்பைக் கீழே தட்டிவிட்டு, மறுமுனைக்குப் போய், பின்கதவின் அடைப்பைத் தூக்கித் தண்ணீரை மெல்லத் திரும்ப உள்ளே விட்டேன். படகு முனகிக்கொண்டே மிதந்தது. பிறகு புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். நாயோடு வந்த ஒருத்தி, "குடிச்சிருக்கீங்களா தாத்தா?" என்றாள். "இனிமேத்தான் குடிக்கணும்" என்றேன்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. பாதி இரவு அதையும் யோசித்தேன். நீ ஜெயித்தாய். ஆள் பார்த்துப் படகை விற்றுவிடு. தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து போய்க் கயிற்றைச் சரிபார்க்கிறேன்.

அப்பா


கோவென்ட்ரி
12 செப்டம்பர் 1977

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். ஏணியில் நீங்கள் தொங்கிய இடம் வந்ததும் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, நீங்கள் மேலே ஏறிவிட்டீர்களா என்று முதலில் பார்த்துக்கொண்டு, பிறகுதான் மீதியைப் படித்தேன்.

இத்தனை வருடமும் ஊரார் கையால் எனக்கு என்ன எழுதினீர்கள்? 'இங்கு எல்லோரும் நலம்.' அம்மா எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தபோதும் அதே 'நலம்'தான். அதை நம்பித்தான் நான் ஈஸ்டருக்கு வரலாம் என்று இருந்தேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். உங்கள் படகின்மேல் எனக்கு என்றுமே கோபமில்லை, அப்பா. அந்த 'நல'த்தை நம்பக் கூடாது என்றுதான் உங்களை என் கண்முன் வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

இப்போது பயந்ததைப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் படகை விற்க வேண்டாம். ஆனால் தனியாக ஒரு மதகுகூடத் தாண்டக் கூடாது, இதில் பேச்சே இல்லை.

கரையில் நிற்க நான் சனிக்கிழமை அதிகாலை பஸ்ஸிலேயே வருகிறேன். பழைய பூட்ஸைத் தேடி எடுத்துவிட்டேன். அடைப்பைத் தூக்கியே பல வருடமாகிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் தடுமாறினால் நீங்கள் என்னைத் திட்டலாம்.

நான் வந்து சேரும்வரை படகின் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

உங்கள்
ஒலிவ்