காற்றில்லாத முதல் வரி

ஆகஸ்ட் 4

பதிப்பகத்தில் என் நாவலைத் திருத்துகிற ஹல்பேரா, தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து போனில் கூப்பிட்டாள். "கதை நல்லாத்தான் இருக்கு ஸ்டெய்ன்வோர். முதல் வரிதான் செத்துக் கிடக்கு."

என் முதல் வரி: 'வடகிழக்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது.' அதில் என்ன குறை? அன்றைக்கு அப்படித்தானே வீசியது?

"இந்த வருஷம் என் மேசைக்கு வந்த நாவல்ல பாதி காத்தோடதான் ஆரம்பிக்குது. நம்ம ஜனங்களுக்கு வேற பேச்சே கிடையாதா?"

மாத முடிவுக்குள் நல்ல வரி வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாமாம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் தொலைத்திருக்கிறேனே! ஆறு வருஷ உழைப்பு போவதுகூடப் பரவாயில்லை, கடைத்தெருவில் எப்படி நடப்பேன்?

ஆகஸ்ட் 5

'பனி பெய்துகொண்டிருந்தது.' — அடச்சீ.

ஆகஸ்ட் 9

பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. நாள் முழுக்க எதிரே வாய்கள் திறந்தே இருக்கின்றன, ஒன்றும் பேசுவதில்லை. பேச்சுக்கு, ஊரார் கூடி உட்காரும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டிதான். இன்று துணிந்து அங்கே ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தேன்: 'தென்காற்று வீசிய அன்று யோருன் ஊரைவிட்டுப் போனாள்.'

கழுத்துவரை முங்கிக் கிடந்த தோர்கில்ஸ் கண்ணைத் திறந்தார். மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "தென்காத்து அடிச்சா படகே கிளம்பாதே. அவ எப்படிப் போவா?"

"அத விடுங்க," என்றார் சுன்னெவா. ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். "எந்த யோருன்? யாரோட பொண்ணு?"

"கற்பனைங்க."

"கற்பனைன்னாலும் அப்பன்னு ஒருத்தன் இருப்பான்ல?"

அப்புறம் இருவருமாக ஊரில் மூன்று யோருன்களைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒருத்தி எனக்கு ஒன்றுவிட்ட சித்தியாம். என் இரண்டாவது வரியைக் கேட்க ஆளில்லை.

ஆகஸ்ட் 17

காற்றை எடுத்தேன். பெயரையும் எடுத்தேன். 'அவள் போனாள்.'

தோர்கில்ஸ் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "போகட்டும்."

ஆகஸ்ட் 24

காற்றையும் பனியையும் கழித்துவிட்டால் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? அழுகையாக வருகிறது. ஒழுங்காகப் பின்னல் வேலை செய்துகொண்டு இருந்திருக்கலாம். ஒரு கம்பளிச் சட்டையாவது மிஞ்சியிருக்கும்.

ஆகஸ்ட் 28

எழுதிவிடுகிறேன், தலை இன்னும் காயவில்லை.

தொட்டியில் நான் வாயே திறக்கவில்லை. சுன்னெவாதான் ஆரம்பித்தார். "அப்படி என்னதாம்மா கதை அது? நீயும் ஆறு வருஷமா எழுதுற, எழுதுற..."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு செம்மறிக் கிடா மூணு கல்யாணத்த முறிச்ச கதைங்க! போதுமா?"

அன்று காற்று எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. யாருடைய பெண் என்று கேட்கவில்லை. தோர்கில்ஸ் — தண்ணீரைவிட்டுத் தோளைக்கூட வெளியே காட்டாத மனிதர் — நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?"

மடச்சி நான்! இந்தக் கிடாவைக் கொண்டுபோய் நாற்பதாம் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறேன். சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன்: 'எங்கள் ஊரில் மூன்று கல்யாணங்களை முறித்தது ஒரே செம்மறிக் கிடா.' அனுப்பியும்விட்டேன்.

ஆகஸ்ட் 29

ஹல்பேரா கூப்பிட்டாள். "முழுசாப் படிச்சவதான் நான். இருந்தாலும் கேக்குறேன் — அப்புறம்?" சிரித்தாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கே வருகிறது! சமையலறையில் தனியாக ஆடினேன். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டிசம்பர் 27

வடகிழக்குக் காற்று. (இங்கே எழுதலாம், கேட்பார் இல்லை.)

தொட்டிக்குப் போகவே பயம். பண்டிகைக்குப் பரிசாக வந்த புத்தகங்களை எல்லோரும் படித்து முடித்திருப்பார்களே. போனால், தோர்கில்ஸ் என் நாவலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மகள்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று கொடுத்தார்களாம், அதனால் ஒன்று நனைந்தாலும் கவலையில்லையாம்.

"முதல் வரியில ஒரு தப்பு இருக்கு," என்றார்.

"என்ன தப்பு?"

"மூணு இல்ல, நாலு. என் கல்யாணத்த விட்டுட்ட."

அந்தக் கிடா என் கற்பனை என்று சொல்ல வாயெடுத்தேன். சுன்னெவா அதற்குள் தண்ணீரில் நகர்ந்து அவர் பக்கத்தில் வந்துவிட்டார். நானும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.