கூடு காட்டாத குழுவுக்கு ஆள் கிடைத்தது

சம்மாட்டியார்,

உங்கள் தொலைநோக்கியின் வாரில் கருவாட்டு வாசம் இன்னும் போகவில்லை. என் மனைவி சவர்க்காரம் போட்டுக் கழுவித் தந்தாள். வெயிலில் காய்ந்ததும் வாசம் திரும்பி வந்துவிட்டது. இடது கண்ணாடிக்குள் கடற்காற்றில் பிடித்த பூஞ்சணமும் அப்படியே இருக்கிறது; வலது கண்ணாலேயே பார்க்கிறேன். இன்று காலை வரம்பில் நின்று அதைக் கழுத்தில் மாட்டியபோதுதான், சட்டைப் பையில் இருந்த போன் வெகுநேரமாகச் சத்தம் போடவில்லை என்பது உறைத்தது. பழுதோ என்று எடுத்துப் பார்த்தேன். பழுது இல்லை. என் வேலையை வேறு ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதைக் குழுவிலும் போடப்போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் புதியவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது.

உங்களுக்கு முல்லைத்தீவுக் கரையில் வள்ளமும் வலையும் இருந்தன. நான் உங்களைச் சம்மாட்டியார் என்றேன். எனக்கு மல்லாவியில் வயல். நீங்கள் என்னைக் கமக்காரர் என்றீர்கள். போர் முடிந்து மீளக் குடியேறிய வருடம் எங்கள் குளத்தில் தண்ணீர் இருந்தது, மனிதர் இல்லை, கொக்குகள் இருந்தன. அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. முகநூலில் யாரோ போட்ட நாரைப் படத்துக்குக் கீழே நான் ஒரு பெயர் எழுத, நீங்கள் வேறொரு பெயர் எழுத, சண்டை தொலைபேசிக்கு வந்தது.

"கமக்காரர், நீர் வயலுக்கை நிண்டு கடலைப் பாக்கிறீர்."

"நீங்கள் கடலுக்கை நிண்டு ஒண்டையும் பாக்கேல்லை."

அந்தச் சண்டை முடியாமலேதான் 'குளமும் களப்பும்' குழுவைத் தொடங்கினோம். குளம் என் பக்கத்தது; கடலோரத்து உப்புநீர்க் களப்பு உங்கள் பக்கத்தது. பறவைகளைப் படம் பிடிப்பவர்களுக்கான பொழுதுபோக்குக் குழு. வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். வெளிநாட்டுக்குப் போன எங்கள் ஆட்களும் பார்க்க வந்தார்கள்.

ஒரேயொரு விதி வைத்தோம்: கூடு காட்டக்கூடாது. துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குளம். அதன் பெயரை இன்றும் எழுதமாட்டேன். நடுவில் நின்ற மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்ததை ஒருவர் படம் எடுத்துக் குளத்தின் பெயரோடு போட்டார். நாங்களும் பாராட்டினோம். அடுத்த கிழமை நீங்களும் நானும் போய்ப் பார்த்தபோது யாரோ தோணி கொண்டுபோய் மரம் ஏறியிருந்தார்கள். ஒரு குஞ்சும் இல்லை. தின்னப் பிடித்தவர்களும் உண்டு, இன்னும் கிட்ட நின்று படம் எடுக்க ஏறியவர்களும் உண்டு. நாரைக்கு இரண்டும் ஒன்றுதான். நீங்கள் குளக்கட்டில் குந்தியிருந்து, "இனி எங்கடை குழுவிலை ஒரு கூடும் வராது" என்றீர்கள். அன்று முதல் எந்தப் படமும் எங்களில் ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் மற்றவர் கண்ணுக்குப் போகும். காலையில் நீங்கள் பார்ப்பீர்கள், பின்னேரம் நான்.

தர்மபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் சுகந்தினி, சேர்ந்த புதிதில் தன் கடைக் கூரையில் இருந்த தேன்சிட்டின் கூட்டை அனுப்பினார். திருப்பி அனுப்பினேன். அதையே வேறொருவரின் படத்துக்குக் கீழே பின்னூட்டமாகப் போட்டார். நாலு வார்த்தை ஏசிக் குழுவிலிருந்து நீக்கினேன். நீங்கள் என்னைக் கேட்காமல் அவரைத் திரும்பச் சேர்த்தீர்கள். அந்த மாரி முழுதும் நான் உங்களோடு கதைக்கவில்லை. நீக்கியது சரி என்று இன்றும் சொல்வேன். என்னைக் கேட்காமல் சேர்த்தது பிழை என்றும் சொல்வேன். நீங்கள் செத்துப்போனதால் அது சரியாகிவிடாது.

மாரி முடிய, ஒரு பை கருவாட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்.

"கோவம் முடிஞ்சுதோ, இல்லாட்டி அடுத்த பஸ்ஸிலை போகவோ?"

"முடியேல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

பிறகு ஒரு நாள் உங்கள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மாதா கோவிலுக்குப் பக்கத்துச் சேமக்காலையில் உங்களை வைத்துவிட்டு வந்தோம். தொலைநோக்கியை உங்கள் மனைவி நீங்கள் உடுத்த பழைய சாரத்தில் சுற்றி என் கையில் தந்தார். அடுத்த நாள் காலைப் படங்களும் என் தலையில் விழுந்தன.

தனியாகப் பார்த்தேன். ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்து, கிளைக்குப் பின்னால், புல்லுக்குள், கூரை மூலையில் கூடு இருக்கிறதா என்று தேடவேண்டும். என் கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது. வயலில் வெட்டு மெஷின் வந்து நிற்க, நான் வரம்பில் இருந்து மைனாவைப் பெருப்பித்துக்கொண்டிருந்தேன். மனைவி சாப்பாட்டோடு வந்து நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, செத்த மனிசன் சுகமாய்ப் படுத்திருக்குது. நீங்கள் உயிரோடை இருந்து கொக்குக்குக் காவல்."

அறுவடை முடிவதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் குழுவை மூடிவிடுவது என்று முடிவெடுத்தேன். காவல் இல்லாமல் திறந்து கிடந்தால் அது ஒவ்வொரு கூட்டுக்கும் வழி காட்டிவிடும். வேலைக்கு ஆள் தேவை என்று அறிவித்தல் போட்டேன். சம்பளம் இல்லை. காலையும் பின்னேரமும் பார்க்கவேண்டும். திருநாள், பெருநாள் லீவு இல்லை. பறவையின் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதவேண்டும். என்னோடு வாதாடக்கூடாது. எல்லோரும் கைகூப்பும் படமும் இதயமும் போட்டார்கள். 'ஐயாவின் சேவை தொடரட்டும்' என்று எழுதினார்கள். வருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. மனைவி அதை வாங்கி வாசித்துவிட்டு, "உது ஆளெடுக்கிற அறிவித்தலோ, ஆளைக் கலைக்கிற அறிவித்தலோ?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உங்கள் கரைவலை நினைவுக்கு வந்தது. ஒரு காலை உங்கள் கரையில் நின்று பார்த்தேனே. கடலில் வலையை வளைத்துவிட்டு, கயிற்றின் நுனிகளைக் கரைக்குக் கொண்டுவந்து உங்கள் ஆட்கள் இழுக்கத் தொடங்கினார்கள். பாரமான வலை, ஆள் போதாது. நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை. வழியால் போன ஒருவர் சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார். பிறகு இன்னொருவர். வலை ஏறியதும் கறிக்கு மீன் கொடுத்து விட்டீர்கள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"கூப்பிடத் தேவையில்லை, கமக்காரர். இழுக்கத் தொடங்கினால் தெரியும். ஆர் வந்து கயிறு பிடிக்கினம் எண்டு பாத்து வைச்சால் போதும், அடுத்த முறை அவையளுக்குச் சொல்லி விடலாம்."

அறிவித்தலை எடுத்துவிட்டேன். படங்களை மட்டும் அனுமதித்துக்கொண்டு, பின்னூட்டம் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாவிச் சந்தியில் ஓட்டோ ஓடும் ஜெயசீலன், ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் புதியவர்களின் பறவைகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். என் கண்ணுக்குத் தப்பிப் போன ஒரு படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: 'தம்பி, பின்னாலை கூடு தெரியுது. நானும் முதல் இப்பிடிப் போட்டு நல்லா வாங்கிக் கட்டினனான். எடுத்துவிடுங்கோ.' எழுதியவர் சுகந்தினி. தேடிப் பார்த்தால், அப்படி நிறைய இடங்களில் எழுதியிருந்தார். எப்போதிருந்து கயிறு பிடித்துக்கொண்டிருந்தாரோ தெரியாது.

ஜெயசீலனிடம் நேரே போய்க் கேட்டேன்; ஓம் என்றார். சுகந்தினிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, குழுவைப் பாக்க உமக்கு நேரம் இருக்குமோ?"

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"ஐயா, நீங்கள் என்னைக் கலைச்சனீங்கள்."

"ஓம். கலைச்சது சரி."

"சரிதான். ஆனா பேசின பேச்சுத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

"பேச்சும் சரி."

அவர் சிரித்துவிட்டார். "சம்மாட்டியார் ஐயாட்டை என்னைத் திரும்பச் சேருங்கோ எண்டு நான் கேக்கேல்லை. ஏன் கூடு காட்டக்கூடாதெண்டுதான் கேட்டனான். அவர் அந்தக் குளத்தின்ரை கதையைச் சொன்னவர். நான் அழுதுபோட்டன். பிறகு அவரே சேத்துவிட்டார்."

இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை. நான்தான் கதைக்கவில்லை, எப்படிச் சொல்வது என்பீர்கள். மாரிக்குப் பிறகு எத்தனை தேத்தண்ணி குடித்தோம், அப்போது சொல்லியிருக்கலாம்.

"பாக்கிறன் ஐயா," என்றார் சுகந்தினி. "ஆனா ஒண்டு. நீங்கள் போடுற படத்தையும் நான் பாத்துத்தான் விடுவன்."

"வடிவாய்ப் பாரும்" என்றேன். என் படத்தில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம். அனுமதிக்கும் பொறுப்பை இருவரிடமும் கொடுத்துவிட்டு, குழுவில் நானும் சாதாரண உறுப்பினன் ஆனேன்.

நேற்று, அறுத்த வயலில் நின்ற ஆள்காட்டிக் குருவியைப் படம் எடுத்து அனுப்பினேன். நல்ல வெளிச்சம், நல்ல படம். தேத்தண்ணி ஆறுவதற்குள் திரும்பி வந்தது. 'ஐயா, குருவியின்ரை காலடியிலை முட்டை. கீழ்ப்பக்கத்தை வெட்டிப்போட்டு அனுப்புங்கோ.'

எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டேன்.

"அது மண்ணாங்கட்டி, பிள்ளை. நான் என்ரை வயலிலை நிண்டு எடுத்த படம்."

"மண்ணாங்கட்டிக்குப் புள்ளி இருக்குமோ ஐயா? உங்கடை வயலுக்கு வழி மல்லாவி முழுக்கத் தெரியும். விதி நீங்கள் வைச்சது."

பெருப்பித்துப் பார்த்தேன். வைக்கோலுக்கும் கட்டிக்கும் நடுவில், மண் நிறத்தில், கரும்புள்ளி போட்ட முட்டைகள். குருவி என்னைப் பார்த்துக் கத்தியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. சிறுபோகத்துக்கு உழ வரும் டிராக்டர்காரருக்குச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு தடியும் நட்டுவிட்டு வந்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நீங்கள் போன பிறகு முதல்முறையாகப் பகலில் படுத்து நித்திரை கொண்டேன். மனைவி வந்து நெற்றியில் கை வைத்து, காய்ச்சலோ என்று பார்த்தாள்.

படத்தைக் கீழ்ப்பக்கம் வெட்டி இன்று காலை திரும்ப அனுப்பினேன். 'அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று போன் சொல்கிறது. இத்தனை வருடமும் மற்றவர்களுக்குக் காட்டிய அந்த வரியை நான் நின்று வாசிப்பது இதுதான் முதல் தரம். சுகந்தினி கடை திறந்து, கையில் இருக்கும் சட்டையை முடித்துவிட்டுப் பார்ப்பார். ஆற அமரப் பார்க்கட்டும். நான் உங்கள் வலது கண்ணாடியால் குருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது முட்டையை விட்டு எழும்பவில்லை.

இந்த மடலையும் அவர்தான் பார்த்து விடவேண்டும். அதனால் எந்த வரம்பு என்று எழுதவில்லை.

கமக்காரர்