பாப்பாவின் ஜீன் எண்

2006 ஆகஸ்ட் 12, சனி

பாப்பாவுக்கு ஏன் காது கேட்கவில்லை என்று சென்னையில் எடுத்த பரிசோதனையின் முடிவு வந்தது. அதில் ஒரு ஜீனின் எண் மட்டும்தான் புரிந்தது. சாயந்திரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் என் மனைவி லதாவும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம்.

ஜீன் விவரங்கள் இருக்கும் இணையதளத்தில் எண்ணைத் தட்டினேன். அவசரத்தில் வேறு ஏதோ ஜீன் வந்தது.

"பொறுமையா அடிங்க பாவா. நம்பர நான் படிக்கிறேன்," என்றாள் லதா.

இந்த முறை சரியாக வந்தது. பதின்மூன்றாவது குரோமோசோம். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் நடத்துகிறவன் நான். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன்.

"யாராண்டயிருந்து வந்துதாம்?" என்று கேட்டாள்.

என் அம்மா எப்போதும் லதா வீட்டைத்தான் குறை சொல்வாள்.

"உன்னாண்டயிருந்து ஒண்ணு, என்னாண்டயிருந்து ஒண்ணு. ரெண்டும் சேந்தாதான் இப்படி ஆவும்."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"இங்க போட்டுகிது பாரு."

அவளுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. இருந்தாலும் நான் விரல் வைத்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். பாப்பா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நானே சொன்னேன். ராத்திரி லதாவை உட்காரச் சொல்லி, அம்மாவே சோறு போட்டாள்.

இன்னொரு குழந்தை பிறந்தால் அதற்கும் இப்படி ஆகலாம். அதைப் பற்றி நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. எனக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அவளுக்கும் ஓடும்.

இப்போது தூங்கிவிட்டாள். என் இடது கையை மட்டும் இன்னும் விடவில்லை.