எஃப் டென் சேமிக்காத காலை

இன்று காலை வானவடியில் வங்கிக்குப் போயிருந்தேன். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த பெண் ஏதோ ஒரு விசையைத் தவறாக அழுத்தியிருக்க வேண்டும். கணினி ‘டிங்’ என்றது. அவள் உதட்டைச் சுழித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். எனக்கோ முதுகு விறைத்துவிட்டது. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று சட்டெனத் திரும்பினேன். டோக்கனோடு ஒரு ராணுவக்காரர் நின்றிருந்தார். உடம்புக்கு என்ன என்று இந்தியில் கேட்டார். உன்னைப் பற்றி அவரிடம் என்னவென்று சொல்வது? வீட்டுக்கு வந்து உனக்கே எழுதுகிறேன்.

நீ போனபிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. நான் எதையும் லேசில் விடுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். செத்தவர்கள்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்கிறாள் என் மனைவி. உயிரோடிருப்பவர்கள்மேல் வைத்திருக்கும் கோபத்தில் கொஞ்சம் உனக்கும் இருக்கிறது.

சாங்வியில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற அந்தக் காலையிலிருந்து தொடங்கினதுதான் எல்லாம். சாகணில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில், பக்கத்துப் பக்கத்து மேசை நமக்கு. பேசிக்கொண்டே நீ சாலையில் இறங்கினாய். வலப்பக்கமிருந்து பஸ் வந்தது. உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்; ஒரு பொத்தான் தெறித்துப் போனது.

“டேய், பஸ் வர்றது தெரியலியா?”

“தெரியலீடா.” நீ விழுந்த பொத்தானைத் தேடவில்லை. “பக்கவாட்டுல ஒண்ணுமே தெரியறதில்ல. குழாய் வழியாப் பாக்கற மாதிரி நடுவுல கொஞ்சம்தான். இன்னும் சுருங்குமுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு.”

“ஆபீஸ்ல சொல்லிட்டியா?”

“சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எம்பொண்டாட்டிக்கு இப்ப ஆறாம் மாசம். நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்.”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நீ தூங்கிப்போனாய். நாசிக் பாட்டா சந்திப்பு தாண்டும்வரை உன் சட்டையில் பொத்தான் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பயத்தை என் மடியில் இறக்கிவைத்துவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கினாய் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் உன் விரல்கள். அப்போதிருந்த பழைய கணினி நிரலில் கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் என்கிற எலியே கிடையாது. எஃப் டூ புதிய பதிவு, எஃப் ஃபைவ் தேடல், எஃப் டென் சேமிப்பு. சீட்டைக் கண்ணருகே ஒருமுறை பிடித்துப் பார்ப்பாய். பிறகு திரையையே பார்க்காமல் தட்டிக்கொண்டே போவாய். எதிர் மேசை பாட்டீல் உனக்கு ‘மெஷின் அண்ணா’ என்று பெயர் வைத்தான். சரக்கோடு போகும் சலான் ஒன்றை அவன் போடுவதற்குள் நீ நான்கு போட்டுவிடுவாய். அந்தப் பொறாமையை அவன் சிரிப்பாகவே வெளியில் விட்டான். நீயும் கூடச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் உன் மேசைப்பக்கம் வந்தாலும் என் வேலையை நிறுத்திவிடுவேன். யாராவது உனக்கு ஒரு காகிதத்தைப் பக்கவாட்டில் நீட்டினால், நீ கவனிப்பதற்குள் நான் எழுந்து வாங்கிவிடுவேன். உன் கூஜா என்று என்னைச் சொன்னார்கள்.

இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, பழைய நிரலுக்குத் தேதி குழம்பிவிடும் என்று சொல்லி அதைத் தூக்கிவிட்டு விண்டோஸில் புதியதைப் போட்டார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்த அன்று நீ கண் ஆஸ்பத்திரிக்கு விடுப்பில் போயிருந்தாய். மறுநாள் பஸ்ஸில் உன் காதருகே ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“சேமிக்க இனிமே எஃப் டென் இல்ல. கன்ட்ரோல் எஸ். ஞாபகம் வச்சுக்கோ. எஃப் டென் அழுத்தினா மேல இருக்கற மெனுவுக்குப் போயிடும்.”

“மனசுல ஏறிருச்சு. நீ ஏன்டா பரீட்சைக்குப் போற மாதிரி வேர்த்துக் கெடக்கற?”

மனசில் ஏறியிருக்கும். விரலில் ஏறவில்லை.

அன்று காலை உன் மேசையிலிருந்து ‘டிங்’ கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பதிவு ஏறியதற்குப் புதிய நிரல் மணியடிக்கிறது என்று நீ எடுத்துக்கொண்டாய் போலும். நான் எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளை. அந்த வெளிச்சத்தில் உனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. விரல் பழக்கத்தில் எஃப் டென் அழுத்தினாய். அது சேமிக்காமல் மெனுவில் போய் நின்றது. நம் பாக எண்கள் எல்லாம் ஆங்கில இ, டி என்றுதானே தொடங்கும்? நீ அடுத்த எண்ணைத் தட்டினாய். இ, எடிட் என்ற பட்டியலைத் திறந்தது. டி, அதிலிருந்த டிலீட்டை எடுத்தது. நிச்சயம்தானா என்று ஒரு பெட்டி மணியடித்துக் கேட்டது. நீ வழக்கம்போல என்டர் தட்டினாய். போட்ட பதிவு போனது. காலையிலிருந்து ஒவ்வொன்றாக, அவ்வளவு வேகமாக, நீ அழித்துக்கொண்டிருந்தாய்.

வாயைத் திறக்கப்போனேன். உன் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் லாரி ஏற்றி நிற்கிறது, சலான் இல்லை, பாகம் போய்ச் சேராவிட்டால் அங்கே வாகனக் கம்பெனியில் லைன் நின்றுவிடும் என்று தேடி வந்திருக்கிறார். உன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ தட்டிக்கொண்டே இருந்தாய். டிங். உன் பக்கம் சாய்ந்தேன்.

“கைய எடு,” என்றேன் தமிழில், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில். “எடுத்துருடா.”

“ஏன்டா, நல்லாத்தான ஓடுது?”

“அரே, மெஷின் கரம் ஹோ கயா,” என்றான் பாட்டீல். மெஷின் சூடாகிவிட்டதாம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மேனேஜர் குனிந்து, “மாவுஸ் பகடோ,” என்றார். எலியைப் பிடி. பட்டியலைத் திறந்து காட்டு.

உன் கை மேசைமேல் தடவி எலியைக் கண்டுபிடித்தது. திரையில் அம்பு கிளம்பியது. ஜன்னலில் சிக்கிய ஈயைப் போல ஓரத்துக்குப் போய் முட்டியது, திரும்பியது, மறுபடி முட்டியது. அறையில் எல்லாரும் அதையே பார்த்தோம். அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் நீ ஒருவன்தான். அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

நீ எலியை விட்டுவிட்டாய். “சாப், முஜே திக்தா நஹீ,” என்றாய், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. எனக்குத் தெரியவில்லை, சார். கண் போய்க்கொண்டிருக்கிறது.

பாட்டீலின் சிரிப்பு பாதியில் நின்றது. மேனேஜர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “தும்கோ மாலூம் தா?” உனக்குத் தெரியுமா?

தெரியும் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருப்பேன், நீ நம்பாவிட்டாலும் இதை எழுதிவைக்கிறேன். அதற்குள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டு நீ சொன்னாய்: “நஹீ சாப். கிஸீ கோ நஹீ.” இல்லை சார், யாருக்கும் தெரியாது.

உன்மேல் உள்ள கோபம் அதுதான். என்னைக் கேட்காமலேயே என்னைக் காப்பாற்றினாய். உன்னை மருத்துவக் காரணம் காட்டி அனுப்பினார்கள். பிரிவு உபசாரம் என்று ஒரு சமோசாகூட இல்லை. புதிய நிரலை வெற்றிகரமாகக் கொண்டுவந்தவர் என்று மேனேஜருக்குப் பதவி உயர்வு. பாட்டீல் உன் நாற்காலிக்கு மாறிக்கொண்டான், அதில்தான் காற்று நன்றாக வருமாம். அவர்களோடு நான் தொடர்ந்து வேலை பார்த்தேன். யார் பின்னால் வந்து நின்றாலும் உடம்பு விறைத்தது.

நீ கோயமுத்தூர் போய்ச் சில வருடம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாய். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. “இப்பக் கம்ப்யூட்டரே எனக்குப் படிச்சுச் சொல்லுதுடா. எலியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாம் கீபோர்டுலயே. பசங்களுக்குக்கூடச் சொல்லித் தர்றேன். அன்னிக்கு அந்தாளு முன்னால சொன்னேன் பாரு, அன்னிக்கு ராத்திரிதான் வருசக்கணக்குக்கப்புறம் தூங்குனேன். நீ எப்படி இருக்கற? இன்னும் பயந்துக்கிட்டேதான் இருக்கியா?”

“இல்லை” என்றேன்.

“பொய் சொல்ற. உன்ர கொரல்லயே தெரியுது.”

ஆமாம், பொய். நீ போன செய்தியை உன் மனைவி சொன்னபோதும் நான் முதலில் கேட்டது, எங்காவது விழுந்துவிட்டானா என்றுதான். “இல்லீங்ண்ணா, நெஞ்சுவலி. கட்டில்லயேதான்,” என்றாள். அதன்பிறகாவது எனக்கு விட்டிருக்க வேண்டும்.

விடவில்லை. கேன்டீனுக்குப் படியிறங்கும் வழியில் உன் தோளை உரசியபடி, உதடு அசையாமல், யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டு வருவேனே, அது இன்னும் நிற்கவில்லை. நேற்று மகளோடு கட்டடத்தில் இறங்கி வரும்போது மின்சாரம் இல்லை. “அப்பா, யார்கூடப் பேசறீங்க?” என்றாள். யாரோடும் இல்லை என்றேன். கீழே போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டேதான் வந்தேன்: படி. படி. இன்னொரு படி. அவ்வளவுதான், இனிமே தரை.