குமரனுக்கு வைத்த நண்டுக் குழம்பு

ஞாயிறு, இரவு

கடலூரில் இன்று குமரனுக்கு நினைவு நாள் படையல். என் மனைவி செல்விக்கு அத்தை மகன் அவன். காலாட்படையில் சேர்ந்து, எல்லைச் சண்டையில் இருபத்துநாலு வயதில் செத்துப்போனான். அவனுக்குத்தான் முதலில் அவளைப் பேசி வைத்திருந்தார்கள். தெரிந்துதான் கட்டினேன்.

கல்யாணமானதிலிருந்து சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் நண்டு கிடையாது. நாற்றம் குமட்டுகிறது என்பாள். இன்று அத்தை வீட்டில் அவளே உட்கார்ந்து நண்டை உடைத்துக் கழுவிக் குழம்பு வைத்தாள். முகம் சுளிக்கவில்லை. படத்துக்கு முன் இலை போட்டு, பெரிய கால்களாகப் பொறுக்கி வைத்தாள்.

"இவ வெச்சாத்தான் அவனுக்குப் புடிக்கும். நீங்களும் சாப்புடுங்க மாப்ள" என்றார் அத்தை.

சனியன், அவ்வளவு ருசி. மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உயிரோடு இருந்தால் அவனுக்கும் தொப்பை விழுந்திருக்கும். படத்தில் இருபத்துநாலிலேயே நிற்கிறான். அவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "நம்ம வீட்லயும் ஒருநாள் நண்டு வையேன்."

"ஐயோ, அந்த நாத்தம் எனக்கு ஆவாதுங்க" என்றாள்.

இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். தலையணைமேல் கிடக்கும் கையில் இன்னும் நண்டு வாசம். சோப்பு போட்டுக் கழுவவேயில்லை.